பதினோராம் கேள்வி: டர்பனில் ஓர் ஆட்சேர்ப்பு முகமையின் சேவை பற்றி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் வடக்கே, கண்ணாடிச் சுவர் பதித்த அலுவலகக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இயங்கும் ஆட்சேர்ப்பு முகமை ஒன்றில் 2025 பிப்ரவரியில் என் பெயரைப் பதிவு செய்தேன். கணக்குப் பிரிவு, கிடங்கு, சுங்க ஆவண வேலை ஆகியவற்றுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதில் இந்த வட்டாரத்தில் பெயரெடுத்த முகமை அது. அதன் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன்; காரணம் பின்னால் தானே விளங்கும். தமிழ்நாட்டிலிருந்து திருமணமாகி இங்கே வந்து, கையில் பட்டமும் இடுப்பில் குழந்தையுமாக வேலை தேடும் பெண்கள் அவ்வப்போது என்னிடம் வழி கேட்பதுண்டு. அவர்கள் ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் சொல்லி மாளவில்லை என்பதால், பட்டதையும் பார்த்ததையும் ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் இரண்டு என்பேன். அந்த இரண்டும் இனாமாகப் போட்டவை அல்ல. அவர்கள் உழைத்துப் பெற்றவை.

முதலில் அந்த இரண்டு மதிப்பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேலை தேடி வருபவரிடம் அவர்கள் ஒரு சென்ட் கூட வாங்குவதில்லை. இது அவர்களின் பெருந்தன்மை அன்று. 2014ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று சொல்கிறது. ஆனாலும் 'பதிவுக் கட்டணம்', 'பயிற்சிக் கட்டணம்' என்று ஏதாவதொரு பெயரில் கை நீட்டுபவர்கள் இந்த ஊரில் இருக்கத்தான் செய்கிறார்கள் என்பதால், வாங்காதவர்களைப் பாராட்டுவதில் தவறில்லை. பதிவு செய்த மறுநாளே திறன் சோதனைக்கு அழைத்தார்கள். பாஸ்டல் என்ற கணக்கு மென்பொருளில் விற்பனைப் பதிவுகளை ஏற்றி, வங்கி அறிக்கையோடு சரிபார்த்து, வராத தொகைகளைத் தனியே பட்டியலிட வேண்டும்; நாற்பது நிமிடம். கேள்விகள் உண்மையான அலுவலக வேலையைப் போலவே அமைந்திருந்தன. சோதனையின் முடிவையும், எந்த இடத்தில் தவறினேன் என்பதையும் மறுநாள் காலையிலேயே அனுப்பிவிட்டார்கள். இதற்கு முன்னால் நான் போன இடங்களில் முடிவு என்று ஒன்று வந்ததே இல்லை. தேநீரைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுவதே மரியாதை.

இனி படிவத்துக்கு வருகிறேன். நான்கு பக்கம், முப்பத்திரண்டு கேள்விகள், மெல்லிய நீலத் தாளில் அழகாக அச்சிட்டது. பெயர், முகவரி, அடையாள எண், படிப்பு, மென்பொருள் அறிவு, சொந்த வண்டி உண்டா என்று வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்போது பதினோராம் கேள்வி வந்தது: மணமானவரா, பிள்ளைகள் எத்தனை, அவர்களின் வயது என்ன, அடுத்த இரண்டு ஆண்டுகளில் குடும்பத்தில் மாற்றம் ஏதும் எதிர்பார்க்கிறீர்களா. 'குடும்பத்தில் மாற்றம்' என்ற சொற்களை நான் இரண்டு முறை படித்தேன். வீடு மாறுவதைக் கேட்கிறார்களோ, மாமியார் வந்து தங்குவதைக் கேட்கிறார்களோ என்று நினைத்துக்கொள்ள அந்தச் சொற்களில் இடமிருந்தது; அப்படி இடம் விட்டு எழுதியதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். பதினான்காம் கேள்வி, கடந்த மூன்று ஆண்டுகளில் எடுத்துக்கொண்ட சிகிச்சைகள், அறுவைகள் பற்றியது. என் பக்கத்து நாற்காலியில் ஓர் இளைஞர் அதே சோதனைக்காகக் காத்திருந்தார். அவர் கையில் இருந்ததும் அதே நீலத் தாள்தான். பதினோராம் கேள்விக்கு எதிரே ஒரு கோடு இழுத்துவிட்டு அவர் அடுத்த பக்கத்துக்குப் போனார். அதைப் பற்றி யாரும் அவரைக் கேட்கவில்லை. நானும் கோடு இழுத்துவிட்டுக் கொடுத்தேன். வரவேற்பறைப் பெண் படிவத்தைப் புரட்டிப் பார்த்து, 'ஆன்ட்டி, இது விட்டுப்போயிற்றே' என்று பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். ஒரு பிள்ளை, ஆறு வயது, மாற்றம் ஏதும் இல்லை என்று எழுதினேன். அந்த 'இல்லை'யை எழுதியதற்காக இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம் உண்டு.

சம்பளப் பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். விளம்பரத்தில் அந்த வேலைக்கு மாதம் 16,000 முதல் 19,000 ரேண்ட் வரை என்று போட்டிருந்தார்கள். முந்தைய வேலையின் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கினார்கள். அதில் இருந்த 14,200 ரேண்டோடு பத்து விழுக்காட்டைக் கூட்டி, 15,620 ரேண்ட் என்று என்னுடைய எதிர்பார்ப்பை அவர்களே எழுதிக்கொண்டார்கள். அந்த 14,200 குழந்தை பிறந்த பிறகு நான் அரை நாள் வேலை பார்த்த காலத்துச் சம்பளம் என்று சொன்னேன். 'சீட்டில் இருப்பதைத்தான் நிறுவனத்துக்குக் காட்ட முடியும்' என்றார், எனக்கென்று ஒதுக்கப்பட்ட ஆலோசகர். பிள்ளைக்காக ஒரு முறை குறைந்த சம்பளம் அடுத்தடுத்த வேலைகளுக்கும் விடாமல் கூடவே வருகிறது என்பதை அந்தக் கணக்கு எனக்குக் காட்டியது. இந்த மண்ணுக்கு இது புதியதும் அன்று. 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்டு ட்ரூரோ கப்பலில் நேட்டாலில் வந்து இறங்கிய ஒப்பந்தக் கூலிகளில் ஆணுக்கு முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி. கரும்புக்குத்தான் வெட்டியவர் யார் என்று தெரியாது, கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

ஆலோசகர் நல்ல மனிதர்தான், அதை மறைக்கப் போவதில்லை. நேர்காணலுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒத்திகை நடத்தினார். எண்ணிக்கைகளை எப்படிச் சொல்வது, முந்தைய வேலையை விட்டதற்கான காரணத்தை எத்தனை சொற்களில் முடிப்பது, பதில் தெரியாத கேள்விக்கு என்ன செய்வது என்று அவர் சொல்லிக்கொடுத்தவை எல்லாம் உருப்படியானவை. ஒத்திகையின் கடைசிப் பத்து நிமிடம்தான் வேறு பாதையில் போயிற்று. பிள்ளையைப் பற்றிக் கேட்டால், 'மாமியார் வீட்டிலேயே இருக்கிறார், எந்தக் கவலையும் இல்லை' என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டுமாம். மூக்குத்தியைக் கழற்றிவிட்டுப் போவது 'பாதுகாப்பு' என்றும் சொன்னார். டர்பனில் இருந்துகொண்டு இதைச் சொன்னதுதான் எனக்கு வியப்பு. இதே ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில், தென்னிந்தியத் தமிழ் மரபைச் சேர்ந்த மாணவி ஒருத்தி மூக்குத்தி அணிந்து வரக் கூடாது என்று தடுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று 2007 அக்டோபரில் அரசியல் சட்ட நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கு பள்ளியைப் பற்றியது, அலுவலகத்தைப் பற்றியது அன்று என்பது தெரியும். ஆனால் எந்தெந்தக் காரணங்களின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்று வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் தரும் பட்டியலிலும் பண்பாடு, மதம் ஆகிய இரண்டும் இருக்கின்றன. நான் மூக்குத்தியோடுதான் போனேன்.

நேர்காணல் துறைமுகத்தை ஒட்டிய கிடங்கு நிறுவனம் ஒன்றில் நடந்தது. வேலை ஐந்து மாதத்துக்கு மட்டும். சம்பளம் கொடுப்பது முகமை, வேலை வாங்குவது நிறுவனம். முதல் அரைமணி நேரம் வரவு செலவுக் கணக்கு, கொள்கலன் கட்டணம், மாத இறுதி நெருக்கடி என்று ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, 'ஒரு பிள்ளைதானா? இன்னொன்றுக்கு யோசனை உண்டா?' என்று, மழை வருமா என்று கேட்பவரைப் போலக் கேட்டார். சொல்லிக்கொடுத்தபடி மாமியாரைச் சொல்லவில்லை. 'அது வேலைக்குத் தொடர்புள்ள கேள்வியாகத் தெரியவில்லை' என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நான்கு நாள் கழித்து ஆலோசகர் தொலைபேசியில் அழைத்து, 'நேரத்தைக் கூடுதலாக ஒதுக்கக்கூடிய ஒருவரை எடுத்துக்கொண்டார்கள்' என்று மென்மையாகத் தெரிவித்தார்.

இதோடு முடிந்திருந்தால் இந்த மதிப்புரையில் மூன்றரை மதிப்பெண் போட்டுவிட்டு நானும் போயிருப்பேன். நேர்காணல் நடத்தியதற்கு நன்றி சொல்லி மேலாளருக்கு ஒரு வரி எழுதலாம் என்று அவருடைய முகவரியைத் தேடி, ஆலோசகர் எனக்கு வழியும் நேரமும் அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்தேன். அதற்குக் கீழே, அவர்கள் இருவரும் தங்களுக்குள் எழுதிக்கொண்டவை அழிக்கப்படாமல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. தேவையான ஆளைப் பற்றி மேலாளர் ஐந்து வரி எழுதியிருந்தார்: பாஸ்டல் தெரிய வேண்டும், சொந்த வண்டி வேண்டும், மாத இறுதியில் இரவு எட்டு மணி வரை இருக்க வேண்டும், அருகில் குடியிருக்க வேண்டும். ஐந்தாவது வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'ஆண் கிடைத்தால் நல்லது, பெண் என்றால் பிள்ளைப்பேறு முடிந்தவராக இருக்கட்டும்.' அதற்கு முகமையின் பதில் ஒரே வரி: 'புரிந்தது, படிவத்திலேயே பார்த்துக்கொள்கிறோம்.' அப்போதுதான் பதினோராம் கேள்வியின் உள்நோக்கம் எனக்கு முழுதாக விளங்கியது. அந்தச் சங்கிலியின் முதல் மின்னஞ்சலையும் படித்தேன். ஐந்து மாதத்துக்கு ஆள் தேவைப்பட்டதன் காரணம் அதில் இருந்தது. கணக்குப் பிரிவில் இருக்கும் பெண் மகப்பேறு விடுப்பில் போகிறாராம்; ஒரு மாதம் வேலையைப் பழகிக்கொள்ள, நான்கு மாதம் அவர் இடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். பிள்ளை பெறப் போன ஒருத்தியின் நாற்காலியில் ஐந்து மாதம் உட்கார வருபவளிடம், நீயும் போய்விட மாட்டாயே என்று கேட்டிருக்கிறார்கள்.

இந்த அச்சத்துக்குப் பின்னால் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்த்தால் அதுவும் வியப்பாகத்தான் இருக்கிறது. இந்த நாட்டின் அடிப்படைப் பணிநிலைச் சட்டம் தாய்க்கு அப்போது தொடர்ச்சியாக நான்கு மாத விடுப்பைக் கொடுத்தது; ஆனால் அந்த மாதங்களுக்குச் சம்பளம் கொடுக்கும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்துவதில்லை. இந்தியாவிலிருந்து வருபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு இது. அங்கே முதலாளி கொடுப்பதை இங்கே வேலையின்மைக் காப்பீட்டு நிதி கொடுக்கிறது, அதுவும் வருமானத்தில் 66 விழுக்காடு, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு. மாதாமாதம் நம் சம்பளத்தில் ஒரு விழுக்காடும் முதலாளியின் பங்காக ஒரு விழுக்காடும் அந்த நிதிக்குப் போகின்றன. ஆக, விடுப்பில் போகும் பெண்ணால் முதலாளிக்கு வரும் உண்மையான செலவு என்பது மாற்று ஆளைத் தேடும் செலவுதான். அந்த மாற்று ஆளைக் கொடுத்துப் பணம் வாங்குவதோ இதே முகமை. அவர்களின் வரவேற்பறையில், வயிற்றில் கைவைத்துச் சிரிக்கும் பெண்ணின் படத்தோடு 'மகப்பேறு விடுப்பா? ஆள் எங்களிடம்' என்ற பொருளில் ஒரு சுவரொட்டி மாட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. கருத்தரித்தவளின் இடத்துக்கு ஆள் கொடுத்து ஒரு வருமானம். கருத்தரிக்கக்கூடியவளைச் சலித்து எடுத்துத் தருவதில் வாடிக்கையாளரிடம் ஒரு நல்ல பெயர். வியாபாரம் என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மின்னஞ்சலைக் காட்டி ஆலோசகரிடம் கேட்டபோது, அவர் முதலில் வருந்தினார். பிறகு, 'நாங்கள் தபால்காரர்கள் மாதிரி. வாடிக்கையாளர் கேட்பதை நாங்கள் எழுதுவதில்லை, கொண்டு சேர்க்கிறோம், அவ்வளவுதான்' என்றார். சட்டத்தில் அதற்கு இடமில்லை. 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் ஆறாம் பிரிவு பாலினம், கருத்தரிப்பு, மணநிலை, குடும்பப் பொறுப்பு ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இவற்றின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. நான் இன்னும் வேலையில் சேரவே இல்லையே என்ற கேள்விக்கு ஒன்பதாம் பிரிவு பதில் சொல்கிறது: வேலைக்கு விண்ணப்பித்தவரும் பணியாளராகவே கருதப்படுவார். 57ஆம் பிரிவு இன்னும் நேரடியானது. ஆளைக் கொடுத்துச் சம்பளத்தையும் தானே கொடுக்கும் இடைநிறுவனம், வாடிக்கையாளர் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ சொன்னதன் பேரில் பாகுபாடு காட்டினால், இருவருமே கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவார்கள். பதினான்காம் கேள்விக்கும் சட்டத்தில் பதில் உண்டு. 'மருத்துவச் சோதனை' என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில், உடல்நிலையைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கும் வெறும் கேள்வியும் அடங்கும். தகுந்த காரணமில்லாமல் அப்படிக் கேட்கக் கூடாது.

சட்டம் இருப்பதாலேயே வெற்றி நிச்சயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெரிய சில்லறை வணிக நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பதவிக்கு விண்ணப்பித்த கர்ப்பிணி ஒருவர் தொடுத்த வழக்கில், தொழிலாளர் நீதிமன்றம் 1999இல் அவர் பக்கம் நின்றது. மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இருந்தாலும் என் கையில் எழுத்தில் ஒரு சான்று இருந்தது. சட்டம் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட காரணம் ஒன்றின் பேரில் பாகுபாடு நடந்தது என்று நாம் முன்வைத்துவிட்டால், அப்படி நடக்கவில்லை என்றோ, நடந்தது நியாயமானதே என்றோ மெய்ப்பிக்கும் பொறுப்பு பதினோராம் பிரிவின்படி முதலாளியின் தலையில் விழுகிறது. படிவத்தின் பதினோராம் கேள்விக்குச் சட்டத்தின் பதினோராம் பிரிவு மறுமொழி சொல்லட்டும் என்று முடிவு செய்தேன்.

அடுத்து நான் பயன்படுத்திய சேவை, வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட ஆணையம் ஒன்றினுடையது, கட்டணமே இல்லாதது. அதையும் சேர்த்து மதிப்பிட்டால்தான் இந்தக் கட்டுரை முழுமையாகும். சமரச, மத்தியஸ்த, நடுவர் ஆணையம் என்று அதன் பெயரை நீட்டிச் சொல்வார் யாரும் இல்லை. தொழிற்சாலை வாசல் முதல் திருமண வீடு வரை அது சி.சி.எம்.ஏ. தான். 1996 நவம்பரில் தொடங்கப்பட்டது. போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பாகுபாட்டுப் புகார் என்றால், எதிர்த்தரப்போடு பேசித் தீர்க்க நியாயமான முயற்சி எடுத்ததாகக் காட்ட வேண்டும். ஆகையால் முகமைக்கும் நிறுவனத்துக்கும் ஏப்ரலில் ஒரு கடிதம் எழுதினேன்; மின்னஞ்சலின் நகலை இணைத்து, பதினான்கு நாள் தவணை கொடுத்தேன். முகமை பதிலே போடவில்லை. நிறுவனம், 'சிறந்த விண்ணப்பதாரரைத் தேர்ந்தோம்' என்று ஒரு வரி அனுப்பியது. பிறகு 7.11 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்பி, அதன் நகலை முதலில் எதிர்த்தரப்பு இருவருக்கும் சேர்ப்பித்து, சேர்ப்பித்ததற்கான சான்றோடு ஆணையத்தில் கொடுத்தேன். இந்த வரிசையை மாற்றினால் படிவம் திரும்பி வந்துவிடும்.

காலக்கெடுவைப் பற்றித்தான் அடிக்கடி குழப்பம் வருகிறது. பாகுபாட்டுப் புகாருக்கு ஆறு மாதம் வரை இடமுண்டு. ஆனால் வேலையை விட்டு நீக்கியது பற்றிய புகாரை 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். கருத்தரித்த காரணத்தால் நீக்கப்பட்ட பெண்கள், உடலும் மனமும் தேறட்டும் என்று காத்திருந்தே இந்த 30 நாளைக் கோட்டை விடுகிறார்கள். கருத்தரிப்பின் பேரில் நீக்குவது தொழிலுறவுச் சட்டத்தின் 187ஆம் பிரிவின்படி தன்னியல்பாகவே நியாயமற்ற பணிநீக்கம். 24 மாதச் சம்பளம் வரை இழப்பீடு பெற வழியுண்டு. காலம் கடந்த பிறகு கொடுப்பவர்கள் காலதாமதத்துக்கான காரணத்தைத் தனியே விளக்கி, ஏற்றுக்கொள்ளும்படி கேட்க வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒருத்தி நாற்பத்தொன்றாம் நாள் போய் நின்றாள்.

சமரச அமர்வு மே மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்தது. வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை என்பது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். எதிர்ப்பக்கத்தில் முகமையின் இயக்குநரும் அந்த மேலாளரும் தாங்களாகவே வந்து உட்கார வேண்டியிருந்தது. வாசலில் காத்திருந்தபோது என் கையில் இருந்தவை அந்த மின்னஞ்சலின் மூன்று நகல்களும் ஒரு தண்ணீர்ப் புட்டியும்தான். அமர்வுக்குத் தலைமை வகித்த ஆணையர் முதலில் இரு தரப்பையும் ஒன்றாகவும் பிறகு தனித்தனியாகவும் அழைத்துப் பேசினார். உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. கடைசியில் கையெழுத்தான உடன்பாட்டிலும் பெயர்களை வெளியிடக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. ஆரம்பத்தில் சொன்ன காரணம் இதுதான். உடன்பாடு எட்டாமல் போயிருந்தால் அடுத்த படிக்கும் வழி இருந்தது. சம்பளம் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் பாகுபாட்டு வழக்கை ஆணையத்திலேயே நடுவர் விசாரணைக்குக் கொண்டுபோகலாம். 2025 ஏப்ரலில் அந்த வரம்பு ஆண்டுக்கு 261,748 ரேண்டாக இருந்தது. அதற்கு மேல் வாங்குபவர்கள், பாலியல் தொல்லைப் புகாராக இருந்தாலோ இரு தரப்பும் இசைந்தாலோ தவிர, தொழிலாளர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். என்னை 15,620 என்று குறைத்து எழுதாமல் விளம்பரத்தின் 19,000 ரேண்டையே போட்டிருந்தாலும் நான் இந்த வரம்புக்குக் கீழேதான் இருந்திருப்பேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஆணையத்தின் சேவைக்கு ஐந்துக்கு நான்கரை. மீதி அரை, படிவத்தின் நடையைக் கொஞ்சம் எளிதாக்கிய பிறகு.

இதையெல்லாம் என் மாமியாரிடம் சொன்னபோது, அவர் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுபதுகளில் சாட்ஸ்வொர்த்திலிருந்து விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, டர்பனின் தையல் தொழிற்சாலை ஒன்றில் சட்டைக் கழுத்துப்பட்டி தைத்தவர் அவர். இந்தியப் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது. 'எங்களிடம் ஏதம்மா தாளும் பேனாவும்? தாலியைப் பார்த்தாலே போதும், எத்தனை மாதம் என்று கேட்பான்' என்றார். வேலை கேட்டுப் போன நாளில் தாலியைக் கழற்ற மனம் வராமல், அதை இரண்டாகச் சுருட்டி ரவிக்கைக்குள் ஊசி போட்டுக் குத்திவைத்துக்கொண்டாராம். நாள் முழுக்க அந்த ஊசி உறுத்திக்கொண்டே இருந்ததாம். நான் வளர்ந்தது தரங்கம்பாடிப் பக்கம். தில்லையாடி வள்ளியம்மையின் நினைவு மண்டபத்துக்குப் பள்ளியிலிருந்து வரிசையாக நடத்திக் கூட்டிப்போவார்கள். 1913இல் கிறித்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்று இந்த நாட்டில் ஒரு தீர்ப்பு வந்தபோது தமிழ்ப் பெண்கள் சிறைக்குப் போனார்கள் என்றும், அந்தச் சிறைவாசத்தில் உடல் நலிந்து 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் வள்ளியம்மை இறந்தாள் என்றும் மனப்பாடம் செய்திருக்கிறேன். தாலி செல்லும் என்பதற்காக அவர்கள் சிறை போன நாட்டில், அறுபது ஆண்டு கழித்து அதை ஒளித்துவைத்தால்தான் வேலை என்ற நிலை இருந்தது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

முகமையை முற்றாக ஒதுக்கிவிடச் சொல்வீர்களா என்று கேட்பவர்களுக்கு: இல்லை, ஒதுக்க முடியாது. துறைமுகத்தைச் சுற்றியுள்ள கணக்கு வேலைகளில் நிறைய இப்படிப்பட்ட இடைநிறுவனங்கள் வழியாகத்தான் வருகின்றன. திறன் சோதனைக்குப் போங்கள், முடிவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அனுப்பும் மின்னஞ்சல் ஒவ்வொன்றையும் அடி வரை நகர்த்திப் படியுங்கள். பழைய சம்பளச் சீட்டைக் கேட்டால், அது அரை நாள் வேலையின் சீட்டு என்று மேலேயே பேனாவால் எழுதிக் கொடுங்கள். சமமான மதிப்புள்ள வேலைக்குச் சமமற்ற சம்பளம் கொடுப்பதும், அதற்குப் பாலினம் போன்ற பட்டியலிட்ட காரணம் ஒன்று இருந்தால் பாகுபாடே என்று 2014 ஆகஸ்ட் முதல் அதே ஆறாம் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள்.

இதற்கிடையே, 2025 அக்டோபர் 3 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம், தாய்க்கு நான்கு மாதம், தந்தைக்குப் பத்து நாள் என்று விடுப்பைப் பிரித்து வைத்திருந்த சட்டப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த 36 மாத அவகாசம் கொடுத்து, அதுவரை வேலையில் இருக்கும் பெற்றோர் இருவரும் நான்கு மாதம் பத்து நாளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம் என்றது. தீர்ப்பைப் படித்தவுடன் எனக்கு அந்த நீலத் தாளும், பதினோராம் கேள்விக்கு எதிரே நிம்மதியாகக் கோடு இழுத்த அந்த இளைஞரும்தான் நினைவுக்கு வந்தார்கள். இனி அவரும் நான்கு மாதம் வீட்டில் இருக்கக்கூடியவர்.

போன மாதம் என் நாத்தனார் மகள் அதே முகமையில் பதிவு செய்தாள். இருபத்தைந்து வயது, போன ஆண்டுதான் திருமணம் ஆயிற்று. வீட்டுக்கு வந்தபோது படிவத்தின் நகலைக் காட்டச் சொன்னேன். தாள் இப்போது வெள்ளை, கேள்விகள் முப்பது. பதினோராம் எண்ணில் ஓட்டுநர் உரிமம் பற்றிக் கேட்கிறார்கள், அறுவைச் சிகிச்சைக் கேள்வியும் இல்லை. நல்லது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவளே அழைத்தாள். 'அத்தை, அவர்கள் போன் பண்ணினார்கள். மாத இறுதியில் நேரமாகும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று கேட்டார்கள். யாரைப் பார்த்துக்கொள்ள என்று நான் கேட்டேன். இல்லை, பொதுவாகக் கேட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்' என்றாள். தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். செவ்வாய், மாலை நான்கு பத்து.